லைன் 2-ல் திட்டு, லைன் 4-ல் சிரிப்பு, இரண்டிலும் ஆள் நிற்கவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். வயது 36. பத்தாவது முடித்ததும் கைமடியாக, அதாவது டெய்லரின் உதவியாளாகச் சேர்ந்து, டெய்லர், சூப்பர்வைசர் என்று மேலே வந்தவன். எங்களிடம் நான்கு லைன்கள் (தையல் மெஷின் வரிசைகள்). லைன் 2-ஐப் பார்ப்பவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். காலை முதல் இரவு வரை சத்தம்தான். டார்கெட் தவறாது. ஆனால் தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. லைன் 4-ல் ஒரு இளைஞர், டிப்ளமோ படித்தவர். யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அங்கே சண்டை கிடையாது. இருந்தும் நல்ல டெய்லர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போகிறார்கள். நான்கு லைனிலும் சம்பளம் ஒன்றுதான். முதலாளி, "எல்லாரையும் லைன் 2 மாதிரி மாத்து" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் திட்டு வாங்கித்தான் நானே இந்த இடத்துக்கு வந்தேன். வேலை செய்பவருக்கு மனநிறைவு தருவது எந்த மாதிரித் தலைமை? இன்னொன்று, அந்த அண்ணன் இன்றைக்கும் என்னை எல்லார் முன்பும் "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார். இதை விடுவதா, தடுப்பதா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி, சம்பளம் ஒன்றுதான் என்பது. ஊர் முழுக்க விளக்குக் கம்பங்களில் "டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங் ஆள் தேவை" என்று அட்டை தொங்கும் ஊர் உங்களுடையது. ஆள் போனால் "பக்கத்து கம்பெனியில் ஷிப்டுக்குக் கூடுதலாகத் தருகிறார்கள்" என்று சொல்லிவிடலாம். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். உங்கள் விஷயத்தில் லைன் 1-லும் 3-லும் அதே சம்பளத்துக்கு ஆள் நிற்கிறார்கள் என்றால் (கடிதத்தில் அவற்றைப் பற்றிப் புகார் இல்லை, அதனால் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்), 2-க்கும் 4-க்கும் வேறு காரணம் தேட வேண்டும்.

நீங்கள் கேட்பது "கண்டிப்பா, கனிவா" என்ற கேள்வி. ஒரே கோட்டின் இரண்டு முனைகள் போல, ஒன்று கூடினால் மற்றது குறையும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முதலாளியும் அப்படித்தான் நினைக்கிறார். நானும் மில்களில் ஆள் நிர்வாகம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து இதை ஆராய்ந்தவர்கள், மேலாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பணியாளர்களிடமே கேட்டுக் கணக்கெடுத்தார்கள். கிடைத்தது ஒரு கோடு இல்லை, இரண்டு. ஒன்று, வேலையை ஒழுங்குபடுத்துவது: யார் எதைச் செய்வது, எப்போதுக்குள், எந்தத் தரத்தில் என்று தெளிவாகச் சொல்லி, அதைக் கேட்டு வாங்குவது. மற்றது, ஆளை மதிப்பது: சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, நம்புவது, மரியாதையாக நடத்துவது. ஒருவரிடம் இரண்டும் இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் போகலாம்.

இதில் உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு ஆய்வு உண்டு. எட்வின் ஃபிளைஷ்மன், எட்வின் ஹாரிஸ் என்ற இருவர் ஒரு லாரித் தொழிற்சாலையின் போர்மேன்களைப் பார்த்து 1962-ல் எழுதியது. எந்த போர்மேனுக்குக் கீழே புகார் மனு அதிகம், எங்கிருந்து ஆள் அதிகம் விலகுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஆளை மதிக்கும் போர்மேன் வேலையில் கெடுபிடியைக் கூட்டினாலும் அவருக்குக் கீழே புகார் பெரிதாக ஏறவில்லை. மதிக்காதவரிடமோ, கெடுபிடி கூடினாலும் குறைந்தாலும் புகார் உயரத்திலேயே நின்றது. அதாவது, மதிப்பு இருக்கும் இடத்தில் கண்டிப்பைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மதிப்பு இல்லாத இடத்தில் கண்டிப்பைத் தளர்த்தினாலும் பலன் வருவதில்லை. பிறகு வேறு சிலர் பல ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி 2004-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். இரண்டு குணங்களும் பலன் தருகின்றன, ஆனால் பணியாளரின் மனநிறைவோடு அதிகம் ஒட்டிப்போவது மதிப்புதான் என்று வந்தது.

இந்த இரண்டு கோட்டை வைத்து உங்கள் லைன்களைப் பாருங்கள். லைன் 2-ல் வேலை ஒழுங்கு இருக்கிறது, மதிப்பு இல்லை. லைன் 4-ல் சிரித்த முகம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை. அங்கே மதிப்பு இருக்கிறதா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். மெஷின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடாதவர், வெட்டிய துணிக் கட்டான பண்டில் வராவிட்டால் கட்டிங்கில் போய்க் கேட்காதவர், ஒழுங்காக வேலை செய்பவரையும் பத்து மணிக்கு வந்து உட்காருபவரையும் ஒரே மாதிரி நடத்துபவர், அந்த நல்ல டெய்லருக்கு என்ன மதிப்புக் கொடுத்தார்? தைத்த பீஸைக் கணக்கிட்டுக் கூலி வாங்கும் பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு மெஷின் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் சனிக்கிழமை கையில் வாங்கும் காசு. திட்டாதவரிடமிருந்தும் ஆள் ஓடுவது இதனால்தான். நார்வேயில் 2007-ல் வந்த ஒரு ஆய்வு இந்தக் கண்டுகொள்ளாத தலைமையைத் தனியாக எடுத்துப் பார்த்தது. யார் என்ன செய்வது என்ற குழப்பமும், பணியாளர்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் மிதிப்பதும் அதோடு சேர்ந்தே வந்தன. உங்கள் லைன் 4-ல் சண்டை இல்லை என்கிறீர்கள். சூப்பர்வைசர் காதுக்குச் சண்டை வருவதில்லையா, சண்டையே இல்லையா என்று அங்கே இருக்கும் வயதான அக்கா யாரையாவது தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

லைன் 2-க்கு ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். அண்ணன் டீக்குப் போகும் பதினைந்து நிமிடத்தில் லைனில் என்ன நடக்கிறது என்று மேலே நின்று பாருங்கள். 1930-களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் குர்ட் லெவின் என்ற ஜெர்மானிய யூத உளவியலாளரும் அவருடைய மாணவர்களும், பத்து வயதை ஒட்டிய சிறுவர்களைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். சில குழுவில் தலைவர் எல்லாவற்றையும் தானே உத்தரவு போட்டார். சிலதில் கலந்து பேசி முடிவெடுத்தார். சிலதில் எதிலும் தலையிடாமல் சும்மா நின்றார். உத்தரவுக் குழுவில் வேலை குறைவில்லாமல் நடந்தது. தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் கையை எடுத்துவிட்டார்கள். கலந்து பேசிய குழு, அவர் இல்லாதபோதும் ஏறக்குறைய அதே வேகத்தில் செய்துகொண்டிருந்தது. இருபது பையன்களில் பத்தொன்பது பேர் உத்தரவு போட்டவரைவிடக் கலந்து பேசியவரையே பிடித்தது என்றார்கள். சின்னப் பையன்களை வைத்துச் செய்த சோதனையை அப்படியே பனியன் கம்பெனிக்குக் கொண்டுவர முடியாது என்பீர்கள். சரிதான். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள்.

பையன்களோடு லெவின் நின்றுவிடவில்லை. அடுத்து அவர் ஆலோசகராகப் போனது ஒரு பைஜாமா தைக்கும் கம்பெனிக்கு! வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற சிற்றூரில் இருந்த ஹார்வுட் கம்பெனி. அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்பதுகளில் அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், சராசரி வயது 23, சுற்று வட்டார மலைக்கிராமங்களிலிருந்து வந்தவர்கள், எட்டாவது அளவுக்குப் படித்தவர்கள். சம்பளம் பீஸ் ரேட். தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உங்களிடம் வருகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள், பெரிய தூரமில்லை.

அங்கே பிரச்சினை ஸ்டைல் மாறும்போதெல்லாம் வந்தது. வேலைமுறையைக் கொஞ்சம் மாற்றினாலும் நல்ல கைகாரர்களே சரிந்தார்கள். மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் பழைய அளவை எட்டினார்கள். மீதிப்பேர் நிரந்தரமாகப் பின்தங்கினார்கள், இல்லையேல் வேலையை விட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர் பழகும் காலத்தைவிட, பழையவர் மறுபடி பழகும் காலம் அதிகமாக இருந்தது. கம்பெனி சும்மா இருக்கவில்லை, இடைப்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டத் தனியாகப் பணம் கொடுத்தது. அப்படியும் கோபம் ஆறவில்லை.

அங்கே ஆள் நிர்வாகம் பார்த்த லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்து 1948-ல் எழுதினார். அயர்ன் செய்து அடுக்கும் 18 பேருக்குச் சின்ன மாற்றம் ஒன்று. அதுவரை அரை டஜனாக அட்டை மீது அடுக்கியவர்கள், இனி பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். கூட்டம் போட்டு, போட்டி அதிகமாகிவிட்டது, அதனால் மாற்றம், இதுதான் புது ரேட் என்று விளக்கமாகச் சொன்னார்கள், கேள்விக்கும் பதில் சொன்னார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. நாற்பது நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். உற்பத்தி விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. ரேட் பற்றிப் புகார், சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டு.

மற்றக் குழுக்களுக்கு வேறு மாதிரிச் செய்தார்கள். பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும் இரண்டு உடுப்புகளை முன்னால் வைத்தார்கள். ஒன்று 1946-ல் தைத்தது, இன்னொன்று 1947-ல் தைத்தது. ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு மடங்கு. எது மலிவு என்று கண்டுபிடியுங்கள் என்றார்கள். யாராலும் முடியவில்லை. செலவைக் குறைக்காவிட்டால் ஆர்டர் நிற்காது என்பது அங்கேயே புரிந்துவிட்டது. பிறகு, எந்த வேலையைச் சுருக்கலாம், ரேட்டை எப்படி நேரம் பார்த்து நிர்ணயிக்கலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். ஒரு குழு தன் சார்பில் சிலரை அனுப்பியது. வேறு இரண்டு குழுக்களில் எல்லாருமே உட்கார்ந்தார்கள். பிரதிநிதி அனுப்பியவர்கள் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்தார்கள். பேச்சில் "எங்க வேலை, எங்க ரேட்" என்று வந்ததாம். எல்லாரும் உட்கார்ந்த குழுக்கள் அதைவிட வேகமாக மீண்டு, கடைசியில் பழைய அளவைவிடச் சுமார் 14 சதவீதம் கூடுதலாகச் செய்தன. யாரும் வேலையை விடவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசியில் வருவது. இரண்டரை மாதம் கழித்து, முதல் குழுவில் மிச்சமிருந்த 13 பேரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். முன்பு முறைத்துக்கொண்டிருந்த அதே ஆட்கள் சீக்கிரமே வேகம் பிடித்தார்கள், தகராறும் இல்லை. ஆள் கெட்டவர் என்று சூப்பர்வைசர் யாராவது உங்களிடம் வந்து சொன்னால் இந்தப் பதின்மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதே சோதனையை நார்வேயில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் செய்து 1960-ல் வெளியிட்டார்கள். உற்பத்தியில் வித்தியாசமே தெரியவில்லை. அங்கே கருத்துக் கேட்ட விஷயங்கள் வேலையின் வேகத்தோடு பெரிய தொடர்பு இல்லாதவை. தொழிற்சங்கம் வலுவான நாட்டில் இப்படி நேராகக் கேட்பதை முறையான வழியாக எல்லாரும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. முடிவை எடுத்து வைத்துவிட்டு ஒப்புக்குக் கருத்துக் கேட்டால் உங்கள் டெய்லர்களுக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

சரி, அடுத்த ஸ்டைல் மாறும்போது என்ன செய்வது? ரவுண்ட் நெக் போய்க் காலர் வைத்த டி-ஷர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லைன் 2-ன் மெஷின்களை இருபது நிமிடம் நிறுத்துங்கள். முதலாளிக்கு வயிறு எரியும், நிறுத்துங்கள். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளைக் கையில் கொடுத்து, தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை நிற்கும் என்று கேளுங்கள். காலர் வைக்கும் அக்காவுக்கும், பட்டன் பட்டி தைப்பவருக்கும் ஆர்டரைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசருக்குத் தெரியாத விஷயம் தெரியும். கைமடியை எங்கே நிறுத்தலாம், எந்த இரண்டு வேலையை இடம் மாற்றலாம் என்று அவர்கள் சொல்வதில் ஒன்றையாவது அன்றே செய்யுங்கள். ரேட்டைத் தைக்கத் தொடங்கும் முன் சொல்லுங்கள். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது ரேட் தெரிகிற கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஆள் நிற்பதில்லை. முதல் இரண்டு நாளுக்கு டார்கெட்டைக் குறைத்துப் போர்டில் எழுதுங்கள். முதல் நாளே முழு டார்கெட் எழுதினால், சூப்பர்வைசரிடம் கத்துவதைத் தவிர வேறு கருவி இருக்காது.

தமிழ் தெரியாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசாப் பையனைத் தமிழில் திட்டினால் அவனுக்குப் புரிவது முகம் மட்டும். எந்தத் தையல் தவறு என்பது புரியாது. அடுத்த பீஸிலும் அதே தவறு, மறுபடி சத்தம். தப்பான பீஸ் ஒன்றையும் சரியான பீஸ் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, தப்பான இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். இதற்கு மொழி வேண்டாம். ஆல்டர் பீஸ் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) குறைகிறதா என்று நீங்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி அண்ணன். "திட்டு வாங்கித்தான் நான் இந்த இடத்துக்கு வந்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களோடு அன்றைக்குக் கைமடியாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று அங்கே இருக்கிறார்கள்? போனவர்கள் யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை. நின்று வென்றவர் ஒருவர் எழுதியிருக்கிறார். தவிர, உங்களுக்கு அவர் கொடுத்தது திட்டு மட்டும்தானா? ஓவர்லாக்கில் நூல் கோக்கும்போது உங்கள் கையைப் பிடித்துக் காட்டியிருப்பார். வேலை முடிந்த பிறகு வேஸ்ட் துணியில் தைத்துப் பழக விட்டிருப்பார். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்திருப்பார். திட்டும் அதோடு சேர்ந்து வந்ததால் உங்களுக்கு அது உறைத்தது, கசக்கவில்லை. அன்றைக்கு அவரிடம் பத்துப் பேர் இருந்திருப்பார்கள், இன்று முப்பத்தைந்து பேர். கையைப் பிடித்துக் காட்ட நேரம் இல்லை, திட்டுவதற்கு மட்டும் நேரம் இருக்கிறது. அவர் மாறிவிடவில்லை, அவரிடம் இருந்த பாதி காணாமல் போய்விட்டது என்றே நான் படித்தேன். தவறாகவும் இருக்கலாம், நீங்கள் அவரை அறிந்தவர்.

அவரிடம் கேபினில் கூப்பிட்டுப் பேசாதீர்கள். கண்ணாடிக் கதவுக்குள் நீங்கள் நாற்காலியிலும் அவர் நின்றுகொண்டும் பேசினால் வெளியே முப்பத்தைந்து பேர் பார்ப்பார்கள். கேட்டுக்கு வெளியே பேக்கரியில் டீ சாப்பிட்டுக்கொண்டே சொல்லலாம். எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள் என்பதால் ஒரு மாதிரி:

"அண்ணா, நீங்க எனக்கு நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தப்ப எத்தன தடவ திட்டுனீங்க, எத்தன தடவ கையப் புடிச்சுக் காட்டுனீங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. இப்ப வர்ற புள்ளைகளுக்கு அந்த ரெண்டாவது கிடைக்கிறதில்லீங்கண்ணா. அதுக்கு நான் என்ன பண்ணித்தரட்டும்?"

கடைசிக் கேள்வி முக்கியம். அவர் ஒரு உதவியாள் கேட்பார், அல்லது காலையில் கட்டிங்கிலிருந்து பண்டில் நேரத்துக்கு வர வேண்டும் என்பார். அதைச் செய்து கொடுங்கள். பதிலுக்கு ஒரே ஒரு விஷயம் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தப்பைச் சொல்லும்போது பீஸைக் கையில் எடுத்து அந்த மெஷின் பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும், லைன் முனையிலிருந்து கத்தக் கூடாது. ஐம்பது வயதுக்காரரின் குணத்தை மாற்றுவது உங்கள் வேலை இல்லை. அவர் நிற்கும் இடத்தை மாற்ற முடியும். கூடவே, யாரைத் திட்டுகிறார், யாரை விட்டுவிடுகிறார் என்றும் கவனியுங்கள். சொந்த ஊர்க்காரர் செய்தால் மண்குடம், ஒடிசாப் பையன் செய்தால் பொன்குடம் என்று இருந்தால், திட்டைவிட அதுதான் ஆளை விரட்டும். எல்லாரையும் ஒரே மாதிரித் திட்டுகிறவரைக்கூடச் சகித்துக்கொள்கிறார்கள்.

ஒரு கோடு மட்டும் கிழித்துவிடுகிறேன். கை ஓங்குவது, பெண்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை, பாத்ரூம் போக விடாமல் நிறுத்துவது, இதெல்லாம் தலைமைப் பாணி என்ற பேச்சுக்குள்ளேயே வராது. பெண்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடப்பது, பேசுவது என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் இருந்தாலே உள்ளகக் குழு வேண்டும். அங்கே பேக்கரிப் பேச்சு கிடையாது.

லைன் 4 இளைஞருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திட்டுகிறவரைப் பார்த்துப் பயந்து, அதற்கு எதிராக இருப்பதே நல்லது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தினமும் பத்து மணிக்குள் மூன்று விஷயத்தை முடித்துவிட்டுத்தான் அவர் போனை எடுக்க வேண்டும் என்று வையுங்கள்: எந்த மெஷின் ஓடவில்லை, யாருக்குப் பண்டில் இல்லை, நேற்று யார் நன்றாகச் செய்தார். மூன்றாவதை அந்த ஆளிடமே போய்ச் சொல்ல வேண்டும். தாமதமாக வருபவரை அவரே தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் வரை நீங்கள் குறுக்கே போகாதீர்கள். முதல் தடவை குரல் நடுங்கும், பரவாயில்லை.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மில்லில் சூப்பர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தினேன். நாடகம் போட்டுக் காட்டினோம், எல்லாரும் கைதட்டினார்கள், ஒருவர் அழக்கூடச் செய்தார். மூன்று வாரம் கழித்துப் போனால், அழுதவரே ஸ்பின்னிங்கில் நின்று ஒரு பெண்ணைக் கத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். விசாரித்தால், அன்று காலை ஏழு மணி மீட்டிங்கில் அவருடைய மேனேஜர் அவரை எல்லார் முன்பும் அதைவிட மோசமாகப் பேசியிருக்கிறார். அந்த மேனேஜரைப் பயிற்சிக்குக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. பணம் வாங்கிக்கொண்டு பாதி வேலை செய்துவிட்டு வந்தேன்.

முன்னால் சொன்ன ஃபிளைஷ்மன் இதை 1953-லேயே எழுதிவிட்டார், நான்தான் தாமதமாகப் படித்தேன். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் என்ற டிராக்டர், லாரிக் கம்பெனி தன் போர்மேன்களைச் சிகாகோவில் ஒரு பள்ளிக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்த கையோடு கேட்டால் அவர்கள் மனம் மாறியிருந்தது. ஊருக்குத் திரும்பிப் பணியில் இறங்கிய பிறகு பார்த்தால் பலரிடம் அது தங்கவில்லை. போர்மேன் தன் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்பதை, அவர் படித்த பள்ளியைவிட, அவருடைய மேலதிகாரி அவரை எப்படி நடத்துகிறார் என்பதே அதிகம் தீர்மானித்தது.

அதனால் கேட்கிறேன். காலையில் நீங்கள் அண்ணனிடம் முதலில் கேட்பது என்ன? "நேத்து எத்தனை பீஸ்?" என்றுதானே? இரவு வாட்ஸ்அப் குழுவில் நான்கு லைனின் எண்ணிக்கையையும் போட்டு, குறைந்த லைனுக்குக் கீழே கேள்விக்குறி போடுகிறீர்களா? முதலாளி உங்களுக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜை அப்படியே அவர்களுக்குத் தட்டிவிடுகிறீர்களா? டெலிவரி தேதியை ஒப்புக்கொள்ளும்போது சூப்பர்வைசர்களைக் கேட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால், லைன் 2-ன் சத்தத்தில் ஒரு பங்கு உங்களுடையது. குழுவில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், இந்த வாரம் எத்தனை பேர் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றார்கள், எத்தனை ஆல்டர் பீஸ் என்பதையும் போடத் தொடங்குங்கள். அண்ணன் கேட்கப்படுவது எதுவோ, அதைத்தான் கொடுப்பார். இன்றுவரை அவரிடம் பீஸ் மட்டுமே கேட்கப்பட்டது.

முதலாளியிடம் மனநிறைவு என்ற சொல்லோடு போகாதீர்கள். அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று உங்களைத் திருப்பி அனுப்புவார். ஒரு தாள் எடுத்துப் போங்கள். தீபாவளிக்குப் பிறகு லைன் 2-ல் வராதவர்கள் எத்தனை பேர், புது ஆள் பழைய ஆளின் வேகத்தை எட்ட எத்தனை நாள், அத்தனை நாளில் குறைந்த பீஸ், கூடிய ஆல்டர், ஆள் கொண்டுவந்தவருக்குக் கொடுத்த கமிஷன், ஷிப்மெண்ட் தவறாமலிருக்க ஓட்டிய ஒன்றரை ஷிப்ட். உங்கள் கம்பெனிக் கணக்கையே போடுங்கள், நான் எண் சொன்னால் அது வேறு யாருடைய எண்ணாகவோ இருக்கும். லைன் 1-க்கும் அதே கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். டார்கெட் தவறாத லைன் எவ்வளவு செலவில் தவறாமல் இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

நீங்களும் அளவுக்கு மீறி எதிர்பார்க்க வேண்டாம். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் சொன்னது, மேலாளர் மோசமாக இருந்தால் அதிருப்தி வரும், அவர் நல்லவராக இருப்பதாலேயே மனநிறைவு வந்துவிடாது என்று. செய்யும் வேலையில் ஒரு முன்னேற்றம், ஒரு பெயர் வேண்டும். அவருடைய முறையைக் குறை சொன்னவர்கள் உண்டு, ஆனால் இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடுதான். ஆறு வருடம் ஒரே கைமடியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் நீங்கள் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், பக்கத்து கம்பெனி சிங்கர் மெஷினில் உட்கார வைப்பதாகச் சொன்னால் போய்விடுவார். போவதும் நியாயம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் போடுபவருக்கு நல்ல சூப்பர்வைசரைவிட நல்ல ஃபேன் முதலில் வேண்டும். அறுவடைக்கு ஊருக்குப் போகிறவர் போகத்தான் செய்வார். அவர் திரும்பி வரும்போது உங்கள் கேட்டுக்கு வருகிறாரா, அடுத்த கேட்டுக்கா என்பதில்தான் உங்கள் சூப்பர்வைசருக்கு வேலை இருக்கிறது.

மறந்துவிடாமல், அந்த "டேய்". பேக்கரியில் இருவரும் தனியாக இருக்கும்போது அவர் அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த உரிமை அவர் சம்பாதித்தது. லைனில் மட்டும் வேண்டாம் என்று அதே டீயின்போது சொல்லிவிடுங்கள், சிரித்துக்கொண்டே சொன்னாலும் தெளிவாகச் சொல்லுங்கள். மேனேஜரையே அவர் அப்படிக் கூப்பிடுகிறார் என்றால், நேற்றுச் சேர்ந்த கைமடி தன்னை எப்படிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள். அவளுக்காகக் கேளுங்கள், அண்ணன் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தப்பித் தவறி லைனில் மறுபடி "டேய்" வந்துவிட்டால், "சொல்லுங்கண்ணா" என்று போய் நில்லுங்கள். அன்றைக்கு அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.